நெல்லை அவிப்பதில் இருக்கும் வைட்டமின் கணக்கு

சைவச் சாப்பாட்டில் வைட்டமின் போதுமா என்று கேட்டால் எல்லாரும் உடனே பி12க்குத் தாவிவிடுவார்கள். அதற்கும் வருகிறேன். ஆனால் இட்லி, சோறு, மறுபடி தோசை என்று மூன்று வேளையும் அரிசியையே நம்பியிருக்கும் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்து ஆட்கள் முதலில் பார்க்க வேண்டியது பி1, அதாவது தயமின்.

நெல்லில் தயமின் பெரும்பாலும் தவிட்டிலும் முளைக்கருவிலும்தான் இருக்கிறது. பச்சரிசியாகத் தீட்டும்போது தவிட்டோடு அதுவும் மாட்டுத் தொட்டிக்குப் போய்விடும். புழுங்கலில் நடப்பது வேறு. நெல்லை உமியோடு ஊறவைத்து, உமி லேசாக வாய் பிளக்கும் வரை அவிக்கும்போது, தண்ணீரில் கரையக்கூடிய தயமினில் ஒரு பங்கு ஈரத்தோடு அரிசிக்குள் இறங்குகிறது. மாவுச்சத்து வெந்து இறுகி அதை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்கிறது. அப்புறம் களத்தில் காயவைத்து மில்லில் தீட்டினாலும் முழுசாகப் போகாது. தீட்டிய பச்சரிசி 100 கிராமில் சுமார் 0.07 மில்லிகிராம் தயமின் என்றால், புழுங்கலில் 0.2 வரை இருக்கும். மில்காரர்களுக்கு நொய் குறைகிறதே என்பதுதான் சந்தோஷம். வைட்டமின் இலவச இணைப்பு.

உடம்பில் தயமின் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். தீர்ந்தால் பெரிபெரி: கால் மரத்துப்போகும், வீங்கும், இதயம் தளரும். ஜாவாவில் தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் துவண்டு விழுந்ததை 1890களில் கவனித்த டச்சு மருத்துவர் எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசே கிடைத்தது. பழைய சென்னை மாகாணத்திலும் பச்சரிசி சாப்பிட்ட வடக்குக் கடலோர ஆந்திர மாவட்டங்களில்தான் பெரிபெரி இருந்தது, புழுங்கல் சாப்பிட்ட தமிழ்ப் பகுதிகளில் அரிது.

ஆனால் புழுங்கலே வாங்கினாலும், தண்ணீர் தெளியும் வரை கழுவி, உலை நிறையத் தண்ணீர் வைத்து, கஞ்சியை வடித்துக் கொட்டினால் நல்ல பங்கு சாக்கடைக்குத்தான். வடிகஞ்சியை உப்புப் போட்டுக் குடியுங்கள், இல்லையென்றால் குழம்பில் ஊற்றுங்கள். கொண்டைக்கடலை சீக்கிரம் வேகட்டும் என்று சோடா உப்புப் போடாதீர்கள், தயமினை அது அழித்துவிடும். உளுந்து, துவரம்பருப்பு, நிலக்கடலை எல்லாம் தயமினுக்கு நல்ல கைகொடுக்கும்.

சரி, பி12. இதைச் செடிகள் தயாரிப்பதில்லை, நுண்ணுயிரிகள்தான் தயாரிக்கின்றன. பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி உட்காராதீர்கள். பால், தயிர் சாப்பிடுகிறவர்களுக்கு ஓரளவு கிடைக்கும். அதையும் விட்டவர்களுக்கு மாத்திரையோ பி12 சேர்த்த உணவோதான் வழி. கல்லீரல் இருப்பு சில வருடம் தாங்குவதால் குறைபாடு மெதுவாகத்தான் தெரியும், கீரையிலுள்ள ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின், பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிட்டால் நரம்பு பாதிப்பு மட்டும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். சர்க்கரைக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது, அந்த மாத்திரை பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும்.