திக்கும் பிள்ளைக்கு வீட்டில் 15 நிமிடம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து திக்கும் பேரப்பிள்ளையை அழைத்து வரும் பாட்டிமார் பலர், நாக்கில் வசம்பு தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு சிகிச்சையாளரான என்னிடம் வருகிறார்கள். அதுகூடப் பரவாயில்லை, "பெரியவனானா சரியாயிடும்" என்று இருந்துவிட்டு, ஒன்றாம் ஆண்டில் சேர்த்த பிறகு வருவதுதான் கவலை. திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். நிறையப் பிள்ளைகளுக்குத் தானாகவே போய்விடும், ஆனால் யாருக்குப் போகும், யாருக்குத் தங்கும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. அப்புறம், வீட்டில் தமிழும் பாலர் பள்ளியில் மலாயும் பேசுவதால்தான் திக்கல் வருகிறது என்பது உண்மையில்லை.

இந்த வயதுக்கு நான் நம்புவது லிட்கம் முறையை. 1980களில் சிட்னியில் உருவானது. நியூசிலாந்தில் 54 பிள்ளைகளை வைத்துச் செய்து 2005இல் வெளியான ஆய்வில், 9 மாதத்தில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களின் திக்கல் 77% குறைந்தது, மற்றவர்களுக்கு 43%.

சிகிச்சை கொடுப்பது நான் இல்லை, அம்மாவோ அப்பாவோதான். வாரம் ஒருமுறை என்னிடம் வந்து பழகிக்கொண்டு, வீட்டில் தினமும் 10, 15 நிமிடம் பிள்ளையோடு உட்கார வேண்டும். படத்தைக் காட்டி, "லோரில என்ன ஏத்துறாங்க?" "செம்பனைக் குலை." திக்காமல் வந்ததா, உடனே "தடங்கலே இல்லாம சொன்னியே ஐயா!" என்று பாராட்ட வேண்டும். இப்படிப் பல பாராட்டுக்கு நடுவில் எப்போதாவது ஒருமுறை, "கொஞ்சம் தடுக்கிச்சு, திரும்பச் சொல்றியா?" அன்றைய திக்கலுக்கு 0 (திக்கலே இல்லை) முதல் 9 (மிகக் கடுமை) வரை ஒரு எண்ணைக் கோயில் காலண்டரில் குறித்து வைத்தால் போதும்.

கேட்க சுலபம், வீட்டில்தான் சிக்கல். ஒரு வீட்டில் தாத்தா, அத்தை, மாமா எல்லாரும் "நிறுத்து, திரும்பச் சொல்லு" என்று கிளம்பிவிட்டார்கள், பையன் மைலோ வேண்டும் என்பதற்குக்கூட டின்னைக் கைகாட்டத் தொடங்கினான். திருத்துவது அம்மா மட்டும், மற்றவர்கள் அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டால் போதும் என்று மாற்றிய பிறகே பேச்சு திரும்பியது. அதனால் இதைப் படித்துவிட்டு நீங்களாகவே நாளைக்குத் தொடங்கிவிடாதீர்கள். ஷிப்ட் வேலை, பஸ் இல்லை என்றால் வாரச் சந்திப்பை வீடியோ அழைப்பிலும் செய்யலாம்.

முதல் முறை வரும்போது பிள்ளை வீட்டில் பேசுவதைக் கைப்பேசியில் பதிந்து கொண்டு வாருங்கள், என் அறைக்குள் வந்ததும் சிலர் திக்குவதே இல்லை.