"இப்போதுதான் சுயரூபம் தெரிகிறது" என்று சொல்லாதீர்கள்

போன மாதம் உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, மளிகைக் கடை. ஒரு ரூபாய்க்கும் கணக்கு எழுதும் மனிதர், யாரையும் கடிந்து பேசாதவர். 2 ஆண்டுகளாகக் கடைக்கு வரும் பெண்களிடம் கெட்ட வார்த்தை பேசுகிறார். கேட்டவர்களுக்கெல்லாம் சரக்கைத் தூக்கிக் கொடுக்கிறார். என் முன்னால் மனைவி அழுதுகொண்டிருக்க, அவர் சட்டைப்பையிலிருந்து தேன்மிட்டாயை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் சலனமே இல்லை. "இத்தனை நாள் நடித்திருக்கிறார் டாக்டர். இப்போதுதான் சுயரூபம் தெரிகிறது" என்றார் மைத்துனர்.

இந்த ஆண்டில் நான் கேட்கும் நான்காவது "சுயரூபம்" இது.

பிறவிக் குணம் மாறாது, தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்ற நம்பிக்கைதான் இதற்கு வேர். மாறும் ஐயா, மாறும். 30 வயதுக்குள் குணம் சாந்துபோல் இறுகிவிடும் என்று 1890-இல் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் எழுதினார். ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த 92 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006-இல் வெளியான முடிவு அதை மறுக்கிறது. பொறுப்பும் மனநிதானமும் 20 வயதிலிருந்து 40-க்குள் நன்றாகவே கூடுகின்றன. அதற்குப் பிறகும் மாற்றம் நிற்பதில்லை. உங்கள் தம்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போனால் அடிதடியோடு திரும்பியவர், இன்று பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு ஒதுங்கி நிற்கிறார். அவர் நடிக்கவில்லை. மற்றவர்களைவிட இன்றும் கோபக்காரராக இருக்கலாம், பழைய கோபம் இல்லை. சிகிச்சையாலும் மாறும், பயந்த சுபாவம் என்று ஒதுக்கப்பட்டவர்கள் சில மாதங்களில் தேறி வருவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நோய் தீர்வதையே "குணமாவது" என்று சொல்லும் மொழி நம்முடையது.

இயல்பான மாற்றம் மெதுவாக வரும், பெரும்பாலும் நல்ல பக்கமாக வரும். ஐம்பதை ஒட்டி ஓரிரு ஆண்டில் ஆளே தலைகீழானால் நோயைச் சந்தேகியுங்கள். அந்த மளிகைக்காரருக்கு மூளையின் முன்பகுதி தேய்ந்துகொண்டிருக்கிறது. ஞாபகம் நன்றாக இருந்ததால் வீட்டில் யாருக்கும் பொறி தட்டவில்லை. இதைத் திருப்ப மருந்து இல்லை. ஆனால் தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, மூளைக் கட்டி, மனச்சோர்வு ஆகியவையும் ஆளை இப்படி மாற்றலாம்; நேரத்தோடு வந்தால் பலரைச் சரிசெய்துவிடலாம்.

பாண்டி கோயிலுக்குப் போய் வாருங்கள், தடுக்கவில்லை. அதே வாரத்தில் ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் வந்துவிடுங்கள். அவரோடு வாக்குவாதம் வேண்டாம். காசோலைப் புத்தகத்தையும் பத்திரங்களையும் முதலில் பத்திரப்படுத்துங்கள். கூடவே இருப்பவர் நேரில் வர வேண்டும். சென்னையிலிருக்கும் மகன் போனில் சொல்வது எனக்குப் போதாது. பழைய கணக்கு நோட்டு இருந்தால் தயவுசெய்து கொண்டுவாருங்கள். அந்த அம்மா கொண்டுவந்திருந்தார். நாள் தவறாமல் வரிசை பிசகாமல் எழுதி வந்த கை, 2 ஆண்டுக்கு முந்தைய ஆடி மாதத்தில் பாதிப் பக்கத்தோடு நின்றிருந்தது.