துணி கிழியல, அண்ணாச்சி!

போன திங்கட்கிழமை காலை பட்டறை ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் ஒரு பிக்கப் நின்றது. தக்கலைப் பக்கத்துப் பையன்கள் நாலு பேர். பின்தொட்டிக் கூண்டின் ஒரு பக்கக் கம்பி குலை தாங்காத வாழை மாதிரி வளைந்து கிடந்தது. கேபினின் பின்கண்ணாடியைக் காணோம். ஒருத்தன் நெற்றியில் பஞ்சு, அதற்கடியில் நாலு தையல்.

முந்தின நாள் சாயங்காலம் சங்குத்துறைக் கடற்கரையில் வண்டியை நிறுத்தி, பக்கவாட்டு ஆனிங்கை, அதாவது வண்டியோடு மாட்டிய நிழல்துணியை விரித்து, கட்டஞ்சாயா போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒரே வீச்சு. ஆனிங் அடியிலிருந்து கிளம்பி வண்டிக்கு மேலே போய்க் குப்புற விழுந்திருக்கிறது. போகிற போக்கில் அலுமினியக் கால் நெற்றியைப் பிளந்துவிட்டது.

வண்டிக்காரப் பையன் என்னிடம் முதலில் சொன்னது என்ன தெரியுமா?

"ஆனா துணி ஒரு எடத்துலயும் கிழியல அண்ணாச்சி, பாத்தியளா? நல்ல கனமான துணி!"

"துணி கிழிஞ்சிருந்தா ஒன் கூட்டுக்காரனுக்குத் தையல் விழுந்திருக்காதுடே."

அவனுக்குப் புரியவில்லை. ஜூன் பிறந்ததிலிருந்து இது மூன்றாவது வண்டி. மூன்றிலும் துணி பத்திரம். இதற்கு மேல் ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாகத் தொண்டை வற்றப் பேச எனக்குத் தெம்பில்லை, எழுதிவிடுகிறேன்.

அப்பா லாரிக்குத் தார்ப்பாய் தைத்தவர். நான் தார்ப்பாயும் தைக்கிறேன், நாலைந்து வருஷமாக முகாம் போகிறவர்களுக்கு ஆனிங்கும் மாட்டிக் கொடுக்கிறேன். ஆனிங் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, நம் ஊர்ப் பேச்சில் வண்டிக்கு ஒரு சாய்ப்பு இறக்குவது. வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேரின் முதல் கேள்வி, "எத்தனை ஜிஎஸ்எம்?" இந்தக் கேள்வியைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கிறது என்ற கணக்கு. அவ்வளவுதான். அது வலுவின் அளவும் இல்லை, நனையாமையின் அளவும் இல்லை. 2 மீட்டருக்கு இரண்டரை மீட்டர் ஆனிங் என்றால் 5 சதுர மீட்டர். 300 ஜிஎஸ்எம் கேன்வாஸில் தைத்தால் துணி ஒன்றரை கிலோ. லாரிக்குப் போடுகிற 650 ஜிஎஸ்எம் பிவிசி தார்ப்பாயில் தைத்தால் மூன்றேகால் கிலோ. வித்தியாசம் ஒன்றேமுக்கால் கிலோ, உரித்த தேங்காய் மூன்று. இப்போது காற்றின் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றுக்கு இந்த 5 சதுர மீட்டர் நேராக நின்றால் அதன்மேல் விழுகிற தள்ளு கிட்டத்தட்ட 38 கிலோ. 60 கிலோமீட்டர் என்றால் 85 கிலோவைத் தாண்டும். 80 என்றால் 150. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நாலு மடங்கு. இதற்கெதிரே மூன்று தேங்காயைக் கூடுதலாக வைத்துவிட்டு நிம்மதியாகச் சாயா குடிக்கிறீர்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் ஆட்கள் சொல்லிவைத்தது, கனம் காற்றுக்குக் காவல் இல்லை என்று தெரிந்துதான்.

இன்னொன்று. மெல்லிய துணி கிழிந்தால் காற்று வழியே போய்விடும், நட்டம் துணியோடு முடிந்தது. கிழியாத துணி அந்த 85 கிலோவை அப்படியே ஆனிங்கை வண்டியோடு பிடித்திருக்கிற பிராக்கெட்டுக்கும், பிராக்கெட் கூண்டுக் கம்பிக்கும், கம்பி உங்கள் கண்ணாடிக்கும் கொண்டுசேர்க்கும். பையன் பெருமைப்பட்ட துணி செய்த வேலை இதுதான். கனத் துணியே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிடிமானத்தைப் பார்த்துவிட்டுத் துணிக்கு வாருங்கள்.

பிடிமானத்தில் பிக்கப்புக்கென்று ஒரு தனிச் சங்கதி உண்டு. கார் போல இது ஒரே உடம்பு இல்லை. கேபின் தனி, பின்தொட்டி தனி, இரண்டும் சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. கீரிப்பாறைப் பாதையில் ஒரு சக்கரம் குழியில் இறங்கும்போது கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள், இரண்டும் ஆளுக்கொரு பக்கம் திருகும். ஆனிங்கின் ஒரு பிராக்கெட்டைக் கேபின் கூரையிலும் மற்றதைத் தொட்டிக் கூண்டிலும் மாட்டினால், காற்றே வேண்டாம், பத்து நாள் ஓட்டத்தில் பிராக்கெட் வெடிக்கும். எல்லா பிராக்கெட்டும் தொட்டிக் கூண்டிலேயே இருக்கட்டும். கூண்டு தொட்டியின் தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கியதாக இருக்கட்டும். ஓரத்தகட்டில் கிளாம்ப் கவ்வியது போதாது. கேபின் கூரைத் தகட்டை நான் விரலால் அழுத்தியே குழி விழவைத்துக் காட்டுவேன்.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை. அலுமினிய பிராக்கெட்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை வெறுமனே முறுக்கிவிட்டால் உப்புக்காற்றில் இரண்டும் பொடி பூத்துக் கவ்விக்கொள்ளும். கிரீஸ் தடவி மாட்டுங்கள், கடற்கரை போய்வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வருஷம் கழித்துக் கழற்ற வந்தால் நான் போல்ட்டை அறுக்கத்தான் வேண்டியிருக்கும், அதற்குத் தனிக் கூலி.

இனி திசை. மே முதல் செப்டம்பர் வரை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மேற்கிலிருந்து வருகிற காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்து வேகம் பிடிக்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலையும் சும்மா நட்டுவைத்திருக்கவில்லை. அந்த மாதங்களில் முட்டத்திலும் சங்குத்துறையிலும் கடல்காற்று முகத்தில் அடிக்கும். நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? படத்தில் கடல் விழ வேண்டும் என்று ஆனிங்கைக் கடல் பார்த்து விரிக்கிறார்கள். காற்று நேரே துணிக்கு அடியில் நுழைகிறது. வண்டியைக் குறுக்கே நிறுத்தி, அதன் மறைவில், கரைப் பக்கமாக விரியுங்கள். வெளி ஓரத்தைத் தாழ்த்துங்கள். கடலை எழுந்து நடந்து போய்ப் பாருங்கள், ஐயா, கால் தேயாது.

ஆனிங்கோடு பையில் வருகிற பென்சில் மொத்தக் கம்பி முளைகள் புல்தரைக்கானவை. நம் கடற்கரை மணலில் அதை அடிப்பது பாயசத்தில் ஈர்க்கு குத்துகிற மாதிரி. காலி அரிசிச் சாக்கில் மணல் நிரப்பி, கயிறு கட்டி, முழங்கால் ஆழத்தில் புதையுங்கள். ஒரு காலுக்கு ஒரு சாக்கு. சாக்கு சுருட்டினால் சீட்டுக்கு அடியில் போய்விடும். செம்மண், சரளைத் தரை என்றால் 12 எம்எம் கம்பியில் ஒன்றரை அடி வெட்டி, தலை வண்டிக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடியுங்கள். கோவில் கொடைக்குப் பந்தல் போடுகிறவர்களைப் பாருங்கள், ஒருத்தராவது முளையைச் செங்குத்தாக அடிக்கிறாரா?

தென்னையில் கட்டாதீர்கள், காரணம் தலைக்கு மேலே தொங்குகிறது. ரப்பர் மரத்திலும் கட்டாதீர்கள். ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் 30-க்கு மறுநாள் சித்தப்பாவின் தோட்டத்தில் மரங்கள் பாதியில் முறிந்து கிடந்ததைப் பார்த்தவன் சொல்கிறேன்.

அப்போ எதை வாங்குவது? விசிறி மாதிரி வண்டியின் பக்கமும் பின்பக்கமும் சேர்த்து மூடும் 270 டிகிரி ஆனிங்தான் இப்போது எல்லாருக்கும் ஆசை. நான் விற்கிறவன்தான், அதில்தான் எனக்கு லாபமும் அதிகம். ஆனாலும் சொல்கிறேன்: பலவும் 20 கிலோவைத் தாண்டும், அத்தனை கனமும் ஒரு பக்கத்திலேயே தொங்கும். "கால் ஊன்ற வேண்டாம்" என்று விளம்பரத்தில் வருவது காற்றில்லாத ஊருக்கு. கால் ஊன்றுங்கள், கயிறும் கட்டுங்கள். மாதம் ஒருமுறை வீட்டாரோடு போகிறவர்களுக்கு இரண்டு மீட்டர் பக்கவாட்டு ஆனிங் தாராளம். வருஷத்துக்கு இரண்டு தடவை போகிறவர்கள் ஓரத்தில் கயிறு கோக்க ஐலெட் வளையம் அடித்த ஒரு கேன்வாஸ் விரிப்பும், இரண்டு ஊன்றுகம்பும், நல்ல கயிறும் வைத்துக்கொண்டால் போதும். காசும் மிச்சம், கழற்றவும் எளிது. நீலக்கலர் பிளாஸ்டிக் தார்ப்பாய் வெயிலில் ஒரு வருஷம் கிடந்தால் அப்பளம்.

மழைக்கு ஒரே ஒரு பேச்சு: தட்டையாக விரிக்காதீர்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். ஐப்பசியில் ஒரு சாயங்கால மழைக்கு 20 மில்லிமீட்டர் பெரிய காரியமே இல்லை. 5 சதுர மீட்டரில் அது 100 லிட்டர், வழியாமல் தேங்கினால் 100 கிலோ. ஒரு மூலையைத் தாழ்த்துங்கள், வடிந்துவிடும். புதுக் கேன்வாஸ் தையல்வழி முதல் மழைக்குச் சொட்டினால் எனக்கு போன் பண்ண வேண்டாம். இரண்டு மூன்று தடவை நனைத்துக் காயவையுங்கள், நூல் ஊறி ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். நனைந்ததைச் சுருட்டி உறையில் போட்டு ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்தால் பூஞ்சைக்கு என்னிடம் மருந்து கிடையாது.

பக்கத்திரையை எல்லாம் இறக்கிவிட்டு உள்ளே அடுப்போ கரியோ மூட்டாதீர்கள். அந்தப் புகையில் ஆளைக் கொல்கிற வாயுவுக்கு வாசனை இல்லை. கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கிற நாளில் மணலில் படுக்கவே வேண்டாம், அந்த அலை இங்கே காற்று வீசாமலே கரையேறிவரும். வனத்துறை அனுமதி இல்லாமல் காளிகேசம் பக்கம் விரித்துவிட்டு யானை வந்தது என்று என்னிடம் கதை சொல்லாதீர்கள்.

எப்போது மடக்குவது என்று கேட்கிறீர்கள். கடலில் எங்கே பார்த்தாலும் வெள்ளை நுரை என்றால் காற்று 30 கிலோமீட்டரைத் தொட்டாயிற்று. தென்னோலை எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தபடி நிற்கும். துணி படபடவென்று அடிக்கத் தொடங்கும். அப்போதே மடக்குங்கள். "இந்தச் சாயாவை முடிச்சிட்டு" என்பது வேண்டாம். தூங்கப் போகும்போது காற்று இல்லாவிட்டாலும் மடக்கிவிடுங்கள்.

அந்தப் பையன் போகும்போதும், "இதவிடக் கனமான துணி இருக்கா?" என்றான். பதில் சொல்லாமல் கடையிலிருந்த ஒரு ஆனிங்கை முற்றத்தில் விரித்து, நாலு பேரையும் மடக்கச் சொன்னேன். தையல்காரன் ஓரமாக உட்கார்ந்து நேரம் பார்த்தான். பதினோரு நிமிஷம். யார் எந்தக் காலைப் பிடிப்பது என்றே தெரியவில்லை. மூன்றாவது தடவை நாலு நிமிஷத்துக்கு வந்தார்கள். கண்ணாடி வர வியாழக்கிழமை ஆகும். அதற்குள் இன்னும் இரண்டு தடவை வந்து மடக்கிப் பழகச் சொல்லியிருக்கிறேன், அப்புறம்தான் சாவி.