நிரம்பாத மலக்குழி

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் வீடு வீடாக ஏறி இறங்கும் எந்தப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டாலும் இந்த வசனத்தை ஒப்புவிப்பார்: "தம்பி, எங்கட குழி கட்டி இருபது வருஷம், ஒருநாளும் நிரம்பேல்லை." வீட்டுக்காரர்கள் பெருமையாகத்தான் சொல்வார்கள், கட்டிய மேசனின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். அதே பரிசோதகர் வேலை பார்க்கும் எனக்கோ அதைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கும். ஐந்தாறு பேர் உள்ள வீடு, ஒவ்வொரு தடவையும் அரை வாளி தண்ணீர் ஊற்றுகிறார்கள், அதெல்லாம் இருபது வருஷமாக எங்கே போகிறது? "நிலம் குடிச்சிடும்" என்பார்கள். நிலம் குடித்ததைத்தான் நாங்கள் மோட்டார் போட்டு இறைத்துத் திரும்பக் குடிக்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும்தான் ஆறு. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கிறது, அதுதான் எங்களுக்குக் கோடை முழுக்கத் தண்ணீர். அந்தக் கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். நிலாவரைக் கிணற்றில் தேசிக்காயைப் போட்டால் கீரிமலையில் மிதக்கும் என்று ஒரு கதை இருக்கிறதே, தேசிக்காய் போய்ச் சேருமோ இல்லையோ, நிலத்துக்கு அடியால் ஒன்றுக்கொன்று தொடுப்பு இருக்கிறது என்பது ஊருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டே கிணற்றுக்குப் பக்கத்தில் குழி வெட்டுகிறோம் என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

மணல் நிலம் என்றால் அழுக்குத் தண்ணீர் மெல்லமாக ஊறிப் போகும்போது கிருமிகளில் பெரும்பகுதி வழியிலேயே நின்றுவிடும். சுண்ணாம்புக் கல்லில் அந்த வடிகட்டல் இல்லை, வெடிப்பு ஒன்று அகப்பட்டால் கிருமி நேரே நடந்து போய்விடும். இதில் இன்னொன்றும் இருக்கிறது. பனை வடலிக்குள் ஒதுங்கப் போன காலத்தில் மலம் மேலே கிடந்து காய்ந்தது. ஈயும் புழுவும் வேறு கதை, அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றும் மலசலகூடம் வந்த பிறகு அழுக்கை நாங்களே தண்ணீரோடு கீழே தள்ளிவிடுகிறோம். மேசன் அலவாங்கால் கல்லை உடைத்து, அடி போடாமல் கொங்கிறீட் வளையத்தை இறக்கி, மேலே மூடியைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். மாரியில் நிலத்தடி நீர் மேலே எழும்பும்போது அந்தக் குழியின் அடி தண்ணீருக்குள்தான் நிற்கும். குழியும் கிணறும் அப்போது ஒன்றுதான்.

தூரக் கணக்கு கேட்பவர்களுக்கு: அனர்த்த நிவாரண வேலைகளில் உலகம் முழுக்கப் பாவிக்கும் ஸ்பியர் கைநூல், குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 30 மீற்றரும், குழியின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் 1.5 மீற்றரும் வேண்டும் என்கிறது. வெடிப்புள்ள கல் நிலத்தில் அதுவும் போதாது. இப்போது எங்கள் காணிக்கு வருவோம். இரண்டு பரப்பு என்றால் 20 பேர்ச், சதுரமாக இருந்தால் ஏறக்குறைய 74 அடிக்கு 74 அடி. 30 மீற்றர் என்பது 98 அடி. கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர் மூலையிலும் வைத்தால் மட்டும் தப்பலாம், நடுவில் வீடும் கட்டவேண்டும். சரி, அப்படியே வைத்தாலும் மதிலுக்கு அந்தப் பக்கம் யாருடைய குழி இருக்கிறது?

நெருப்புக் காய்ச்சல் (டைபொயிட்) வந்த வீடு ஒன்றுக்குப் போனபோது கண்டது இது. வீட்டுக்காரர் கிணற்றை நல்ல சுத்தமாக வைத்திருந்தார். கட்டு உயரம், சுற்றிச் சீமெந்து, மேலே வலை. தன்னுடைய குழியை வளவின் மறு கோடியில்தான் வைத்திருந்தார். "எல்லாம் முறைப்படி செய்திருக்கிறன், பிறகேன் தம்பி இப்பிடி?" என்று கேட்டார். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டின் குழி மூடி மதிலோடு ஒட்டிக் கிடந்தது, கிணற்றிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம். பக்கத்து வீட்டாரும் பிழை செய்ததாக நினைக்கவில்லை, தங்கள் கிணற்றிலிருந்து முடிந்தவரை தள்ளி வைக்கப் பார்த்தால் அந்த மூலைதானே மிஞ்சும். இரண்டு வீடும் தங்கள் வளவுக்குள் சரியாகத்தான் யோசித்திருந்தன. ஆகவே புதிதாகக் குழி வெட்டுபவர்கள் தயவுசெய்து முதலில் வேலிக்கு அந்தப் பக்கம் கேளுங்கள். எல்லைச் சண்டையால் பேச்சு வார்த்தை இல்லாத வீடு என்றால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் போய்ப் பார்த்து வருகிறோம்.

2014, 2015-இல் சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் தெரிந்தபோது ஊரே எழும்பியது. நியாயமான கோபம், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019-இல் தீர்ப்பும் வந்தது. எண்ணெய் என்றபடியால் மணந்தது, மிதந்தது. மலக்கிருமிக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, அதனால் அதற்கு ஒருவரும் ஊர்வலம் போவதில்லை.

சனம் பயப்படுவது கேத்திலின் அடியில் படியும் வெள்ளைக்குத்தான். "இதைக் குடிச்சால் சிறுநீரகத்தில கல்லு வராதோ" என்று கேட்காத வீடு இல்லை. அது சுண்ணாம்பு, எங்கள் தண்ணீரின் குணம், நாக்குக்குப் பிடிக்காவிட்டாலும் அவசரப் பிரச்சினை அதுவல்ல. எனக்குப் பயம் நைத்திரேற்றுக்கு. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனமும் எங்கள் நாட்டுத் தரமும் சொல்லும் எல்லை. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் கொட்டும் யூரியா, மாட்டுக் கொட்டில், மலக்குழி எல்லாம் சேர்ந்து வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை தாண்டியிருப்பதை ஆய்வுகள் பல தடவை காட்டிவிட்டன. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். பெரியவர்களைவிடக் கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் பிள்ளை நீலம் பாயும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று குடும்பநல உத்தியோகத்தர் சொல்வதற்கு எங்கள் ஊரில் இப்படியும் ஒரு காரணம் இருக்கிறது. பால்மா கரைத்தே ஆகவேண்டிய நிலை என்றால், அந்தக் கிணற்றுத் தண்ணீரை முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

குளோரின் விஷயம். வெள்ளம் வந்து கிணற்றுக் கட்டைத் தாண்டினால், இறைத்துக் குளோரின் போடும் வரை அதைக் குடிக்கவேண்டாம். சும்மா நாளில் 1000 லீற்றருக்கு நல்ல குளோரின் தூள் சுமார் 2.5 கிராம் போதும். பத்தடி அகலக் கிணற்றில் ஆறு ஏழு அடி தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 14,000 லீற்றர், அதற்கு 35 கிராம். வெள்ளத்துக்குப் பிறகு அளவு கூடும், அதை எங்களிடம் கேட்டுச் செய்யுங்கள். பலர் தூளை அப்படியே மேலிருந்து கொட்டுகிறார்கள். அப்படிச் செய்யாமல் வாளியில் கரைத்து, பத்து நிமிடம் விட்டால் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றிக் கயிற்றால் நீருக்குள் இறக்கி ஆட்டிக் கலக்கவேண்டும். அரை மணித்தியாலமாவது விட்டுத்தான் பாவிக்கலாம். ஆனால் கல்லுக்குள்ளால் புதுத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும் கிணறு இது, இன்று போட்ட குளோரின் அடுத்த கிழமைக்குக் காவல் நிற்காது. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வையுங்கள், மாரியில் கட்டாயம்.

குழியைத் திருத்துவது செலவுதான், மறைக்கவில்லை. அடியும் சுவரும் சீமெந்தால் பூசி, தண்ணீர் ஒழுகாத இரண்டறைத் தொட்டி கட்டவேண்டும். அதிலிருந்து வெளியேறும் நீரை ஆழக் குழியில் விடாமல், மண் நிரப்பி உயர்த்திய ஆழமில்லாத பாத்தியில் விட்டு மேலே வாழை வையுங்கள். கல்லைத் தொடாமல் மண்ணுக்குள்ளேயே முடிந்தவரை நிறுத்துவதுதான் நோக்கம். இப்படிக் கட்டினால் தொட்டி நிரம்பும், மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, மலக்குழியை உறிஞ்சி எடுக்கும் கலிபவுசர் வண்டியைக் கூப்பிடவேண்டி வரும். நிரம்பினால் மேசனைத் திட்டாதீர்கள், அவர் சரியாகக் கட்டியிருக்கிறார். பழைய பாழ்கிணற்றைக் குழியாகப் பாவிப்பவர்களுக்கு மட்டும் என்னிடம் நல்ல வார்த்தை இல்லை, அது ஊர் குடிக்கிற தண்ணீரில் நேரே மலம் கழிப்பது.

"இனிப் பைப் தண்ணி வருது, கிணறு என்னத்துக்கு" என்று ஒரு கதை இப்போது ஓடுகிறது. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது, நாளைக்கு 24,000 கனமீற்றர் எடுக்கலாம். நல்ல காரியம், இணைப்பு வந்தால் எடுங்கள். ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் கூடுதலாக வந்தால் வெளியே போகும் கழிவுநீரும் கூடும், அதைக் கொண்டுபோக எங்கள் ஊர்களில் பாதாளச் சாக்கடை கிடையாது. எல்லாம் அதே குழிக்குத்தான். பைப் எட்டாத பக்கத்து வீடு அதே கிணற்றில்தான் அள்ளும், தோட்டத்துக்கும் அதே தண்ணீர்தான்.

ஆகவே இணைப்புக்கு விண்ணப்பம் கொடுக்கும் கையோடு, மழைக்கு முதல், உங்கள் குழியின் மூடியைத் திறந்து அடி பூசியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியைக் கண்டுபிடிக்க முடிந்தால்தான். அதற்கு மேல் டைல் ஒட்டி, பூச்சாடியும் வைத்து, எங்கே இருக்கிறதென்று வீட்டுக்காரருக்கே தெரியாத வீடுகள் என்னுடைய பிரிவில் நிறைய இருக்கின்றன.