கீறல் இல்லாமல் வந்து சேர்ந்த ஸ்பீக்கரும் உடைந்திருக்கலாம்

தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கர்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். தொலைதூரப் பயணத்தில் அடிபட்டு என்னிடம் வருபவற்றில் பலவற்றின் பெட்டியில் ஒரு கீறல்கூட இருக்காது. போர்வை சுற்றி, அதன்மேல் பபிள் ராப் சுற்றி, பளபளப்பை அப்படியே காப்பாற்றியிருப்பார்கள். உள்ளே வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலியைத் தரும் பெரிய பாகம், செத்துப்போயிருக்கும். பார்க்கப் பார்க்க மனம் ஆறாது, ஏனென்றால் இது தவிர்க்கக்கூடிய சேதம்.

வூஃபரின் எடையில் பெரும்பகுதி அதன் முதுகில் இருக்கிறது. கனமான ஃபெரைட் காந்தம் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே பெரும்பாலும் பசையால்தான் ஒட்டப்பட்டிருக்கும். நடுவிலுள்ள குறுகிய இடைவெளியில் வாய்ஸ் காயில் என்ற கம்பிச்சுருள் அசைகிறது; அதன் இருபுறமும் அரை மில்லிமீட்டர் இடம்கூடக் கிடையாது. இத்தனை எடையும் பெட்டியின் முகப்பில் சில திருகுகளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. பெட்டி தரையில் மோதி நிற்கும்போது காந்தம் உடனே நிற்க மறுக்கிறது. பசை விட்டுக்கொடுக்கும், அல்லது தகரச் சட்டகம் வளையும். காந்தம் ஒரு முடியளவு நகர்ந்தாலே போதும், காயில் உரசத் தொடங்கிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து நழுவும் பெட்டி 1 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால், அந்த நொடியில் ஒவ்வொரு பாகமும் தன் எடையைப்போல் சுமார் 30 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். 3 கிலோ காந்தம் 90 கிலோவாக இழுக்கும். அதே பெட்டி 5 சென்டிமீட்டர் அமுங்கி நின்றால் அது 18 கிலோதான். 30 சென்டிமீட்டர் என்பது முழங்கால் உயரம்கூட இல்லை. லாரியிலிருந்து இறக்கும்போது கை வழுக்கினால் நேர்வதே இதுதான்.

ஆகவே பேக்கிங்கில் கேட்க வேண்டிய கேள்வி, விழுந்தால் எத்தனை தூரம் மெதுவாக அமுங்கும் என்பதே. சுற்றிமூடுவது இரண்டாம்பட்சம். பபிள் ராப்பின் குமிழ்கள் 40 கிலோ எடையில் வெடித்துவிடும். போதாக்குறைக்கு, வெயிலில் சூடேறிய வண்டியில் வார்னிஷ் மீது நேரடியாகப் பட்டால் வட்டவட்டமாகத் தடம் பதிக்கும். முதலில் மெல்லிய பருத்தித் துணியோ மென்நுரைத் தாளோ சுற்றுங்கள். உதிரித் தெர்மாகோல் துண்டுகள் வேண்டவே வேண்டாம், கனமான ஸ்பீக்கர் அவற்றினூடே மெல்லக் கீழே இறங்கிவிடும். கட்டித் தெர்மாகோல் முதல் அடியைத் தாங்கும், ஆனால் நசுங்கிய இடம் மீளாது. பல கை மாறும் நெடும்பயணத்துக்கு மீண்டெழும் பாலித்தீன் நுரைதான் என் தேர்வு. மேலும் கீழும் மூலைகளைக் கவ்வும்படி அதை வெட்டி, இரட்டை அடுக்கு நெளி அட்டைப்பெட்டியில் அசையாமல் இறுக்குங்கள். அடியில் ஒரு ஒட்டுப்பலகை. தயாரிப்பாளரின் பெட்டி பரணில் இருந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

அடியில் திருகியிருக்கும் கூர்முனைக் கால்களான ஸ்பைக்குகளைக் கழற்றித் தனிப்பையில் போடுங்கள். அவை அட்டையைக் குத்திக் கிழிப்பதோடு, மோதும்போது, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் தம் மரையையே பிய்த்துவிடும். உச்ச ஒலியைத் தரும் சிறு பாகமான ட்வீட்டரின் குவிமாடத்தை எதுவும் தொடாதபடி கெட்டியான மூடி வையுங்கள். பெரிலியம் என்ற உலோகத்தாலான குவிமாடமாக இருந்து அது உடைந்திருந்தால், கையால் தொடவோ ஊதவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு.

பலருக்குத் தெரியாத உபாயம் ஒன்று உண்டு. ஸ்பீக்கரின் பின்புற பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளை ஒரு சிறு வயரால் இணைத்துவிடுங்கள். வண்டி குலுங்கி, காயிலோடு ஒட்டிய கூம்பு வடிவக் கோன் அசைய முயலும்போது, காந்தப்புலத்தில் நகரும் காயில் தானே மின்சாரத்தை உண்டாக்கும். முனைகள் இணைந்திருப்பதால் அந்த மின்சாரமே அசைவுக்கு எதிராகப் பிரேக் போடும். நுட்பமான கால்வனோமீட்டர்களையும் இப்படித்தான் அனுப்புவார்கள். வூஃபருக்கு இது பலன் தரும். ஒலியைப் பிரித்தனுப்பும் மின்சுற்றான கிராஸ்ஓவரில் கெபாசிட்டருக்குப் பின்னால் இருக்கும் ட்வீட்டருக்குத் தராது. உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ள ஸ்பீக்கர்களில் இதைச் செய்யாதீர்கள். வயரை எடுக்காமல் ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் பாழாகும் என்பதால், முனைகளின் மேலேயே ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டுங்கள்.

மிகக் கனமான வூஃபர் என்றால் கழற்றித் தனியாக அனுப்புவதே நல்லது, குறிப்பாகப் பழைய ஸ்பீக்கர்களில். எம்.டி.எஃப். பலகையில் திருகைத் திரும்பத் திரும்பக் கழற்றினால் துளை தளர்ந்துவிடும், அதனால் கையால் நிதானமாகச் செய்யுங்கள்.

நிற்க வைப்பதா, படுக்க வைப்பதா? அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் அம்புக்குறி சொல்கிறபடி நிற்கட்டும். உயரமும் ஒடுக்கமுமான உருவம் சாயாதபடி ஜோடி ஸ்பீக்கர்கள் இரண்டையும் சேர்த்துப் பலகைத் தட்டில் கட்டுங்கள். காரில் படுக்க வைத்தே ஆக வேண்டுமென்றால் முகம் மேலே இருக்கட்டும். முதுகின் கீழே தலைப்பக்கம் ஒன்று, கால்பக்கம் ஒன்று என இரு தடித்த நுரைப்பட்டைகள் கொடுத்தால் பின்புற வயர் முனைகள் எடை தாங்காமல் தப்பும். கட்டும் பட்டை கோனின் குறுக்கே போகக்கூடாது. ரிப்பன் ட்வீட்டர் உள்ளவற்றுக்குத் தயாரிப்பாளரின் குறிப்பைக் கேட்டு நடங்கள், அதிலுள்ள ரிப்பன் போன்ற படலம் மிக மெல்லியது.

எல்லை தாண்டும் மரப்பெட்டிக்கு, மரத்தோடு பூச்சிகள் பரவாமல் தடுக்கும் பன்னாட்டு விதியான ஐ.எஸ்.பி.எம். 15-இன் முத்திரை கேட்பார்கள்: மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டிருப்பது ஒரு வழி. ஒட்டுப்பலகைக்கு இந்த விதி இல்லை. விமானத்தில் காந்தமே சிக்கலாகும்; பெட்டியிலிருந்து 2.1 மீட்டர் தொலைவில் காந்தப்புலம் வரம்பைத் தாண்டினால் அது அபாயகரமான சரக்கின் 9-ஆம் வகுப்பில் சேரும்.

அனுப்புமுன் படங்கள் எடுத்து, ஒவ்வொரு ஸ்பீக்கரின் மின்தடையையும் மல்டிமீட்டரில் அளந்து குறித்துவையுங்கள். வந்து சேர்ந்ததும் குளிரில் வந்த பெட்டியை அறை வெப்பத்துக்கு வரும்வரை பிரிக்காதீர்கள், உள்ளே ஈரம் படியும். பிறகு ஸ்பீக்கரை மெல்லச் சாய்த்துப் பாருங்கள்; உள்ளே ஏதாவது உருண்டால் கிராஸ்ஓவர் பாகம் கழன்றிருக்கலாம். இணைப்பு வயரை எடுத்துவிட்டு, இரு கை விரல்களையும் நடு மூடியைத் தொடாமல் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, சமமாக, மெதுவாக அழுத்திக் காதைக் கிட்டே கொடுங்கள். உரசல் கேட்டால் அதை இயக்க வேண்டாம்: காயிலின் காப்புப் பூச்சு தேய்ந்து ஷார்ட் ஆகி ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்துக் கெடுக்கும். மறைந்த சேதத்தை அறிவிக்கச் சரக்கு நிறுவனங்கள் தரும் காலக்கெடு பெரும்பாலும் குறுகியது. ஆகவே இந்தச் சோதனையை வந்த அன்றே, பேக்கிங்கைத் தூக்கிப் போடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.