ஓட்ஸை யார் உருட்டியது?

போன மாதம் மதுரையிலிருந்து சித்தி கூப்பிட்டார். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறதாம், மருத்துவர் காலையில் ஓட்ஸ் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். கைப்பேசியில் ஒரு செய்முறையைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு சந்தேகம் கேட்டார்.

"ரெண்டு கப் உருட்டப்பட்ட ஓட்ஸ் எடுத்துக்கோன்னு போட்டிருக்கான். உருட்டணும்னா முதல்ல மாவாக்கிப் பிசையணுமேடா? அதை எங்கயும் சொல்லலையே!"

சித்திக்கு ஐம்பது வருடச் சமையல் பழக்கம். பொருள்விளங்கா உருண்டை பிடித்த கை. உருட்டுவது என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லித்தர எந்த மொழிபெயர்ப்பாளருக்கும் தகுதி கிடையாது. யோசித்துப் பார்த்தால், அந்தச் செய்முறையில் இருந்ததுதான் அசல் பொருள் விளங்கா உருண்டை.

'உருட்டப்பட்ட ஓட்ஸ்', 'உருட்டிய ஓட்ஸ்', 'சுருட்டிய ஓட்ஸ்' என்று மூன்றையும் பார்த்துவிட்டேன். பாக்கெட்டின் முதுகில், வார இதழ் இணைப்பில், சமையல் காணொளிக்குக் கீழே ஓடும் எழுத்தில் என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. ரோல்டு ஓட்ஸ் என்பதில் 'ரோல்' இருக்கிறதல்லவா, ரோல் என்றால் உருட்டு, தீர்ந்தது வேலை. இளைஞர்கள் பேச்சில் இப்போது உருட்டு என்றால் கதை விடுவது. அந்தப் பொருளில் எடுத்துக்கொண்டால் மட்டும் மொழிபெயர்ப்பு சரி.

சரி, ஓட்ஸை ஆலையில் என்ன செய்கிறார்கள்? உமி நீக்குகிறார்கள். பிறகு சூடு காட்டுகிறார்கள். ஓட்ஸில் நூறு கிராமுக்கு ஏழு கிராம் அளவுக்குக் கொழுப்பு உண்டு. அதைச் சிதைக்கும் நொதியைச் சூட்டால் அடக்காவிட்டால் சிக்கு வாடை வந்துவிடும். அடுத்து நீராவியில் மணியை இளக்கி, எதிரெதிராகச் சுழலும் இரண்டு கனத்த உருளைகளுக்கு நடுவே விடுகிறார்கள். மணி நசுங்கித் தட்டையாகி மறுபக்கம் விழுகிறது. உருள்வது உருளை, ஓட்ஸ் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவின் ஒஹையோ மாநில ஆலைகள் இந்த முறையைப் பெரிதாகக் கையாண்டன. 1877இல் குவேக்கர் என்ற பெயர் அங்கேதான் வணிகக் குறியாகப் பதிவானது.

தானியத்தை ஈரமும் சூடும் காட்டி இளக்கி, நசுக்கித் தட்டையாக்கினால் கிடைக்கும் பொருளுக்குத் தமிழில் பெயர் இல்லையா? அவல். நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூடு ஆறும் முன் உலக்கையால் இடித்தால் அவல். உலக்கைக்குப் பதில் உருளை, நெல்லுக்குப் பதில் ஓட்ஸ். மற்றபடி வேலை ஒன்றேதான். ஆகவே ரோல்டு ஓட்ஸ் என்றால் ஓட்ஸ் அவல். இதைச் சொல்லத்தான் இத்தனை பாடு.

சொல் வரலாறு வேண்டுவோருக்குச் சுருக்கமாக: அவைத்தல் என்றால் குத்துதல், இடித்தல். அவல் அதன் உறவு. குறுந்தொகையிலேயே பச்சை நெல்லில் 'பாசவல் இடித்த' உலக்கையை வரப்பில் படுக்கவைத்துவிட்டுப் பெண்கள் விளையாடப் போகிறார்கள். பள்ளம் என்ற பொருளில் வரும் அவல் வேறு, அதை இங்கே இழுக்க வேண்டாம். அப்புறம், ஓட்ஸுக்கு லத்தீனில் அவேனா என்று பெயர். இரண்டிலும் 'அவ' இருக்கிறதே, லத்தீனே தமிழிலிருந்து வந்ததுதானே என்று யாராவது கட்டுரை எழுதுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: தற்செயல்.

உருட்டு என்ற சொல் ஏன் பொருந்தாது என்பதற்குச் சப்பாத்தி போதும். மாவைப் பிசைந்து முதலில் உருண்டை உருட்டுகிறோம். அப்புறம் கட்டையால் தேய்க்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டு வேலைக்கும் ரோல் ஒன்றே போதும். நம் மொழியில் உருட்டினால் உருண்டையாகும், தேய்த்தால் தட்டையாகும். ஒன்று செய்வதை மற்றது அழிக்கிறது. நமக்கு இருக்கும் இந்த நுட்பத்தை விட்டுவிட்டு, இல்லாதவர்களின் சிக்கனத்தைக் கடன் வாங்குவானேன்?

அவல் என்றால் நெல் அவல்தானே என்று ஒரு நண்பர் மறுத்தார். அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கம்பு அவல், கேழ்வரகு அவல், சோள அவல், தினை அவல் என்று வரிசையாக அடுக்கியிருந்தார்கள். எந்தக் குழுவும் கூடிக் கலைச்சொல் ஆக்கவில்லை. விற்பவருக்குத் தோன்றியது, வாங்குபவருக்குப் புரிந்தது. அதே அலமாரியில் அடுத்த தட்டில், அதே தடிமனில், அதே வடிவத்தில் இருந்த பொட்டலத்தின் மேல் மட்டும் 'ரோல்டு ஓட்ஸ்'. திருப்பிப் பார்த்தால் 'உருட்டப்பட்ட ஓட்ஸ்'. கம்பைத் தட்டினால் தமிழ் வருகிறது, ஓட்ஸைத் தட்டினால் வரமாட்டேன் என்கிறது.

அவல் என்று பிடித்துவிட்டால் மற்ற வகைகள் தாமாக வரிசைக்கு வந்துவிடும். உமி மட்டும் நீங்கிய முழு மணி, ஓட்ஸ் அரிசி. தினையரிசி, சாமை அரிசி, மூங்கிலரிசி என்றெல்லாம் சொல்கிறோமே, அப்படி. அந்த அரிசியை இரும்புக் கத்தியால் இரண்டு மூன்றாக நறுக்கினால் ஸ்டீல் கட் ஓட்ஸ். இதற்கு நான் கண்ட தமிழ் 'எஃகு வெட்டு ஓட்ஸ்'. வாள் வீச்சில் தப்பி வந்த தானியம் போல இருக்கிறது! நொறுங்கிய அரிசிக்கு நம் வீடுகளில் குருணை என்று பெயர், நொய் என்பாரும் உண்டு. ஓட்ஸ் குருணை என்றால் எந்தப் பாட்டிக்கும் கண்முன்னே தெரியும். உருளைகளை இன்னும் நெருக்கி மெலிதாகத் தட்டியது, சீக்கிரம் வேகும் வகை. நெல்லில் கெட்டி அவல், மெல்லிய அவல் என்று கேட்டு வாங்குகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பெயரில் என்ன இருக்கிறது, பொங்கினால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டி அவல் ஏழெட்டு நிமிடத்தில் கஞ்சியாகும். குருணை அரைமணி நேரம் கேட்கும், தண்ணீரும் மூன்று நான்கு பங்கு வேண்டும். நானே ஒருமுறை வகை சொல்லாத செய்முறையை நம்பிக் குருணையைப் போட்டு பிஸ்கட் சுட்டேன். ஜல்லி கலந்த பிஸ்கட். கடைவாயில் அடைத்திருந்த சிமென்ட் பெயர்ந்து வந்துவிட்டது. மெல்லிய வகையைப் போட்டாலோ வெண்ணெயையும் ஈரத்தையும் குடித்துவிட்டுக் களி போல ஆகிவிடும். ஓட்ஸ் பிஸ்கட்டுக்கு அந்த மெல்லும் பதம் வர கெட்டி அவல்தான் வேண்டும், அதோடு பாதிக்குப் பாதி கோதுமை மாவு. ஓட்ஸில் கோதுமையைப் போன்ற பசையம் கிடையாது, தனியாகச் சேர்ந்து நிற்காது, உப்பி எழும்பவும் செய்யாது.

இனி ஓட்ஸ் என்ற சொல்லுக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் ஆட்டெ, பன்மையில் ஆட்டன். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர்கள் ஹாஃபர் என்கிறார்கள். தோளில் தொங்கும் ஹேவர்சாக் பை இந்த ஹாஃபரிலிருந்து வந்ததுதான், குதிரைத் தீவனம் வைத்த பை. நம் ஊரில் கொள்ளுக்கு இருந்த இடம் அங்கே ஓட்ஸுக்கு. ஓட்ஸ் என்பதே பன்மை என்பதால் 'ஓட்ஸ்கள்' என்று எழுதத் தேவையில்லை. எழுதுகிறார்கள்.

இதற்குத் தூய தமிழ்ப் பெயர் தேடினால் முதலில் வந்து நிற்பது காடைக்கண்ணி. எனக்கு இந்தச் சொல்லின் மேல் கொள்ளைப் பிரியம். பெயரில் காடை இருக்கிறது, கண் இருக்கிறது, சொல்லும்போதே மானாவாரிக் காட்டில் நிற்பது போல இருக்கிறது. அதனால்தான் அதைத் தூக்கி ஓட்ஸுக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தம். மரபு விதை சேர்ப்பவர்கள் சிறுதானியங்களை எண்ணும்போது தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு, காடைக்கண்ணி என்று தனியாகத்தான் எண்ணுகிறார்கள். ஓட்ஸோ குளிர் தேசத்துப் பயிர். ஸ்காட்லாந்திலும் பின்லாந்திலும் கனடாவிலும் விளைவது. இந்தியாவிலும் வடக்கே குளிர்காலத்தில் 'ஜயி' என்ற பெயரில் பெரும்பாலும் மாட்டுத் தீவனமாக விதைக்கிறார்கள். நம் கரிசலிலும் செம்மண்ணிலும் அது எந்தக் காலத்திலும் விளைந்து, நம் தாத்தாக்கள் அறுத்து, பெயர் வைத்ததில்லை. விளையாத பயிருக்குப் பழைய பெயர் எப்படி இருக்கும்? இருந்தால் அது இன்னொன்றின் பெயர்.

ஏன், தக்காளி அப்படித்தானே வந்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் மணத்தக்காளிக்கு இருந்த பெயரைத்தான் அமெரிக்காவிலிருந்து வந்த சிவப்புப் பழம் வாங்கிக்கொண்டது. மிளகைப் பார்த்து மிளகாய், சோளத்தைப் பார்த்து மக்காச்சோளம். ஆனால் அவற்றை வைத்தவர்கள் தோட்டத்திலும் சந்தையிலும் இருந்தவர்கள். இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்து, குழப்பம் வரும் இடத்தில் ஒரு 'மண'வோ ஒரு 'மக்கா'வோ சேர்த்துப் பிரித்தார்கள். காடைக்கண்ணியை ஓட்ஸுக்கு ஒட்டவைத்தவர்கள் எதையும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரு காலியிடம் இருந்தது, நிரப்பிவிட்டார்கள். விளைவு என்னவென்றால், காடைக்கண்ணிக் கஞ்சி வேண்டும் என்று ஒருவர் கேட்டால் அவர் சிறுதானியத்தைக் கேட்கிறாரா, பாக்கெட்டைக் கேட்கிறாரா என்று தெரியாது. அருகிப்போகும் ஒரு தானியத்தின் பெயரைப் பிடுங்கி, விளம்பரத்துக்குக் குறைவே இல்லாத ஒன்றுக்குச் சூட்டுவதைத் தமிழ்ப்பற்று என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

புல்லரிசி என்றும் ஒரு கட்சி உண்டு. அது வறண்ட நிலத்து மக்கள் எறும்பு சேர்த்துவைத்ததைத் தோண்டியெடுத்துச் சமைத்த தானியம். பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் கடப்பாரை போன்ற கோலால் நிலத்தைக் கிண்டி எடுப்பது அது. பளபளக்கும் அட்டைப் பெட்டியில் அடைத்த பொருளுக்கு இந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? வாற்கோதுமை என்பார் சிலர். அது பார்லி. பார்லியை வாங்கிப்போய் ஓட்ஸ் செய்முறையில் போட்டுவிட்டு அடுப்படியில் முக்கால் மணி நேரம் நிற்கப்போவது அவர்கள் அல்ல.

என் கணக்கில், தானியத்தின் பெயர் ஓட்ஸாகவே இருக்கட்டும். வடமொழியிலிருந்து வந்த கோதுமையை நாம் இன்னும் திருப்பி அனுப்பவில்லை. தானியத்துக்குச் செய்யும் வேலைக்குத் தமிழ் வேண்டும், அது நம்மிடம் நிறையவே இருக்கிறது: அரிசி, குருணை, அவல், மாவு, தவிடு, கஞ்சி. தூய்மைக்காரர்கள் கவனமெல்லாம் பெயர்ச்சொல்லின் மேல். 'காடைக்கண்ணி' என்று பெருமையாக எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே 'உருட்டப்பட்ட காடைக்கண்ணியை' என்று போடுகிறவர்களை என்ன சொல்ல?

இந்தச் செய்முறைத் தமிழைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. 'அடுப்பை 180 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கவும்' என்று படித்துவிட்டு எரிவாயு அடுப்பில் டிகிரி தேடியவர்கள் உண்டு. அடுப்பு வேண்டாம், ஓவன் என்றே எழுதலாம் என்றால் சிலர் 'அவன்' என்று எழுதுகிறார்கள். 'அவனை நன்றாகச் சூடாக்கி, இருபது நிமிடம் கழித்து அணைக்கவும்' என்று ஒன்று படித்தேன். குடும்பப் பத்திரிகையில் வந்தது. இரவே பாலில் ஊறப்போட்டுக் காலையில் சாப்பிடும் ஓட்ஸுக்கு 'இரவு முழுவதும் ஓட்ஸ்' என்று தலைப்பு. சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து விடிந்ததும் குடிக்கத் தெரிந்த ஊரில், ஊறவைத்த ஓட்ஸ் என்று எழுத வரவில்லை. இவர்கள் எல்லோரும் வீட்டில் சாப்பிடுகிறார்கள், யாரோ சமைக்கிறார்கள், அவரிடம் போய் இதை என்னவென்று சொல்வீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

சித்திக்கு அன்று ஃபோனிலேயே சொன்னேன். "உருட்டவெல்லாம் வேண்டாம் சித்தி. அது ஓட்ஸ் அவல். அவல் உப்புமா கிண்டுவீங்கல்ல, அதேதான்."

"இதை முதல்லயே அவல்னு போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே" என்றார். எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுபடி கூப்பிட்டார்.

"ஏண்டா, அவல்னு சொன்னியே, கழுவி வடிய வச்சேன். ஒரே கோந்து!"

ஓட்ஸில் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார் இருக்கிறது. கொலஸ்ட்ராலுக்கு நல்லது என்று சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான். தண்ணீர் பட்டால் வழுவழுவென்று கூழாகிவிடும். அதனால் கழுவாமல் வெறும் சட்டியில் மணம் வர வறுத்து, தாளித்த பிறகு தண்ணீர் தெளித்துக் கிளற வேண்டும். கப்புக்கு முக்கால் கப் தண்ணீருக்கு மேல் கூடாது. பெயர் வைத்த ஜோரில் இதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

"அப்புறம் என்ன பண்ணீங்க சித்தி?"

"என்ன பண்றது, கொஞ்சம் அரிசி மாவு, வெங்காயம், பச்சமொளகா போட்டு அடையாத் தட்டிட்டேன்."