நெல் வயலில் மீத்தேன்: தேங்கிய நீருக்கு அடியில் நடப்பது என்ன?

நட்டு ஒரு மாதம் ஆன நெல் வயலில், தண்ணீர் நிற்கும்போது இறங்கிப் பாருங்கள். கால் சேற்றில் புதையப் புதையச் சுற்றிலும் குமிழிகள் கிளம்பும். அவற்றில் கணிசமான பங்கு மீத்தேன். 1776இல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கழியால் கிளறி இயற்பியலாளர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா பிடித்து எரித்துக் காட்டியதும் இதே வாயுதான். சேற்றில் வரும் அழுகிய முட்டை நாற்றத்துக்கு மீத்தேனைக் குறை சொல்ல முடியாது. அது ஹைட்ரஜன் சல்ஃபைடின் வேலை. மீத்தேனுக்கு மணமே கிடையாது.

புவி வெப்பமாதல் என்றதும் அனல்மின் நிலையமும் வண்டிப் புகையும்தான் நினைவுக்கு வருகின்றன. முதல் குற்றவாளி அவைதான். ஆனால் தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் நூறு கோடிக்குச் சுமார் 720 பங்கு இருந்த மீத்தேன் இன்று 1,900ஐத் தாண்டிவிட்டது. மனிதச் செயல்களால் வெளியேறும் மீத்தேனில் ஏறத்தாழ 8 முதல் 10 விழுக்காடு நெல் வயல்களிலிருந்து வருகிறது. பயிர் காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுவின் கார்பன்தானே திரும்பிப் போகிறது என்று கேட்கலாம். கார்பன் அதேதான், ஆனால் போகும் வடிவம் வேறு. நூறு ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரியமில வாயுவைப் போலச் சுமார் 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு.

வயலில் தண்ணீர் கட்டியதும் மண்ணுக்குக் காற்று போகும் வழி அடைபடுகிறது. நீரின் ஊடே ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைப் போலப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மண்ணில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிரிகள் ஓரிரு நாளில் தீர்த்துவிடுகின்றன. அதன் பிறகும் அவை சுவாசித்தாக வேண்டும். ஆக்சிஜனுக்குப் பதிலாக முதலில் நைட்ரேட், அடுத்து மாங்கனீஸ், பிறகு மண்ணிலுள்ள இரும்புத் துரு, கடைசியாகச் சல்ஃபேட் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காலி செய்கின்றன. பழுப்பாக இருந்த சேறு சாம்பலும் கருப்புமாக மாறுவது துரு தீர்ந்துவருவதன் அடையாளம். எல்லாம் தீர்ந்த பிறகுதான் மீத்தேனை உண்டாக்கும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிரிகளின் ஆட்சி தொடங்குகிறது. பொதுவாக இதற்கு இரண்டு வாரம் பிடிக்கும்.

உண்டான வாயுவில் குமிழியாக ஏறுவது சிறு பங்குதான். பெரும்பகுதி, சில வயல்களில் 90 விழுக்காடு வரை, நெற்பயிருக்குள்ளேயே ஏறி வெளியேறுகிறது. வேருக்குக் காற்றைக் கொண்டுபோக நெல்லின் தண்டில் குழல் போன்ற திசு இருக்கிறது. மேலிருந்து ஆக்சிஜன் இறங்கும் அதே வழியில் கீழிருந்து மீத்தேன் ஏறுகிறது.

அளவு எவ்வளவு? காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2019இல் வெளியிட்ட கணக்கீட்டு முறையின்படி, தெற்காசியாவில் தொடர்ந்து நீர் கட்டிய வயல் நாளொன்றுக்கு எக்டேருக்கு 0.85 கிலோ மீத்தேன் விடுகிறது. வயலில் 100 நாள் நிற்கும் பயிருக்கு ஏக்கருக்குச் சுமார் 34 கிலோ. வெப்பக் கணக்கில் இது ஏறக்குறைய 400 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். இடையில் பலமுறை நீரை வடித்தால் அதே முறையில் இந்த அளவு 0.55 மடங்காகக் குறைகிறது.

காரணம் எளிது. மண் காயும்போது காற்று உள்ளே போய், துருவை இழந்த இரும்பு மீண்டும் துருப்பிடிக்கிறது. அடுத்து நீர் கட்டும்போது நுண்ணுயிரிகள் அந்தத் துருவை முதலிலிருந்து தீர்க்க வேண்டும். மீத்தேனின் முறை வருவதற்குள் வயல் மறுபடி காய்ந்திருக்கும்.

நம் உழவர்கள் இதைக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்கள். எந்த அளவுக்குக் காயவிடுவது என்பதைக் கண் மதிப்பாகச் சொல்வது கடினம். மண்ணுக்குள் நீர்மட்டத்தைக் காட்ட ஒரு குழாய் போதும். 30 செ.மீ. நீளமும் 10 முதல் 15 செ.மீ. விட்டமும் உள்ள பிவிசி குழாயின் அடிப்பகுதியில் சுற்றிலும் துளையிட்டு, 20 செ.மீ. மண்ணுக்குள் இறங்கும்படி ஊன்ற வேண்டும். உள்ளே ஏறிய மண்ணை அள்ளிவிட வேண்டும். நீர் கட்டியபின் குழாய்க்குள்ளும் வெளியிலும் மட்டம் ஒன்றாக இல்லையென்றால் துளைகள் அடைத்திருக்கின்றன. பிடுங்கிக் கழுவி ஊன்றுங்கள். குழாய்க்குள் நீர் தரைமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சலாம். வேர் அந்த ஆழத்திலும் ஈரத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால் மகசூல் குறைவதில்லை. நட்ட முதல் இரண்டு வாரம் களையை அடக்கவும், பூக்கும் பருவத்தில் முன்னும் பின்னும் ஒரு வாரம் பதர் விழாமல் இருக்கவும் நீர் நிற்க வேண்டும். பூக்கும்போது காயவிட்டால் நஷ்டம் நேராக மணியில் தெரியும்.

சறுக்கும் இடங்களும் உண்டு. வயல் மட்டமாக இல்லாவிட்டால் மேட்டில் வெடிப்பும் பள்ளத்தில் தேக்கமுமாக இருக்கும். குழாய் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கத்தின் கதையைத்தான் சொல்லும். வரப்பில் நண்டு வளை இருந்தால் பாய்ச்சிய நீர் அன்றிரவே பக்கத்து வயலுக்குப் போய்விடும். யூரியாவிலும் கவனம் வேண்டும். காய்ந்தும் நனைந்தும் மாறும் மண்ணில் தழைச்சத்து நைட்ரஸ் ஆக்சைடாகக் கிளம்பும். அது கரியமில வாயுவைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடிப்பது. ஆகவே யூரியாவை, இலையின் பச்சையை ஒப்பிட்டு உரத் தேவையைச் சொல்லும் இலை வண்ண அட்டை பார்த்து, தவணைகளாகப் பிரித்து, காய்ந்த வயலில் பாய்ச்சலுக்குச் சற்று முன் இடுவது நல்லது. நீரோடு மண்ணுக்குள் இறங்கிவிடும்.

டெல்டாவில் இந்த முறை எல்லாப் பட்டத்துக்கும் ஒத்துவராது. போர்வெல் உள்ள குறுவைக்குப் பொருந்தும். வடகிழக்குப் பருவமழையில் நிற்கும் சம்பாவைக் காயவிடுவது நம் கையில் இல்லை. அங்கே கையில் இருப்பது வைக்கோல்தான். புது வைக்கோலை மடக்கி உழுது உடனே நீர் கட்டினால் ஆர்க்கியாவுக்கு விருந்து. நடவுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே காய்ந்த மண்ணில் மடக்கிவிட்டால், வைக்கோலால் கூடும் மீத்தேன் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும்.